மிச்சம் விழுந்த நிலங்கள்

ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் ஆறு மாத விசாவில் வந்து இறங்கினால் அவர்களை எங்கெங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது நியூ ஜெர்ஸியில் குடியிருக்கும் நம்மவர்களிடையே ஏறக்குறைய எழுதப்படாத சட்டம். முதல் மாதம் சுதந்திர தேவி சிலை. நீண்ட வார இறுதி வந்தால் நயாகரா. அதோடு சேர்த்து பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில். பிறகு வாஷிங்டனில் வெள்ளை மாளிகையின் இரும்பு வேலியோரம் நின்று ஒரு புகைப்படம். 2019-இல் என் பெற்றோர் வந்தபோது நானும் இந்தச் சட்டத்தை மீறவில்லை. நயாகராவில் வண்டி நிறுத்த இடம் தேடியது முக்கால் மணி நேரம், அருவியைப் பார்த்தது இருபது நிமிடம். திரும்பும் வழியில் அப்பா, "நல்லாத்தான் இருக்கு, சீசன்ல குற்றாலம் மாதிரி கூட்டம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கும்பகோணத்துப் பக்கம் நாற்பது ஆண்டுகள் வயலில் நின்ற மனிதருக்கு இந்த நாட்டின் மண்ணை நான் இன்னும் காட்டவில்லை என்பது மட்டும் எனக்கு உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை எந்தத் திட்டமும் இல்லாமல் வடமேற்கே கிளம்பினோம். டெலவேர் ஆற்றங்கரையோரம் போகிற பழைய சாலை ஒன்றில் ஜிபிஎஸ் சிக்னல் அறுந்து, திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, வால்பேக் சென்டர் என்ற ஊருக்குள் போய் நின்றோம். ஊர் என்று சொன்னாலும் ஒரே ஒரு தெரு. வெள்ளை வண்ணம் பூசிய ஒரு தேவாலயம், சில மர வீடுகள், வேலிக்கு அப்பால் இடுப்பளவு புல். ஜன்னல்களில் திரை இல்லை, திண்ணையில் நாற்காலி இல்லை, நாய் குரைக்கவில்லை. நியூ யார்க் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய இடத்தில், அமெரிக்காவிலேயே நெருக்கமாக மக்கள் வாழும் மாநிலத்தில், இப்படி ஒரு காலித் தெரு எப்படி வந்தது என்று எங்களுக்குப் புரியவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த வால்பேக் நகரியம் முழுமைக்கும் வசித்தவர்கள் 7 பேர் என்பது பின்னால்தான் தெரிந்தது.

காரணம் கட்டப்படாத ஓர் அணை. 1955 ஆகஸ்டில் அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்களால் டெலவேர் ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டு உயிர்ச்சேதம் ஆனது. அதைத் தடுக்க டாக்ஸ் தீவு என்ற இடத்தில் அணை கட்டி, ஆற்றை 37 மைல் நீள ஏரியாகத் தேக்க வேண்டும் என்று 1962-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்புதல் அளித்தது. ஏரி வந்தால் படகு விடவும் நீந்தவும் மக்கள் வருவார்களே என்று 1965-இல் சுற்றிலும் ஒரு தேசியப் பொழுதுபோக்குப் பகுதியையும் அறிவித்தார்கள். பூர்வகுடிகளான லெனாப்பே மக்களிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டு, பிறகு டச்சுக்காரர்களும் மற்றவர்களும் தலைமுறைகளாக உழுது வந்த அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை ராணுவப் பொறியாளர் படை வெளியேற்றியது. பல வீடுகள் இடிக்கப்பட்டன. அதற்குள் செலவு ஏறிக்கொண்டே போயிற்று, அடித்தளத்து மண் அணையைத் தாங்குமா என்ற ஐயமும் எழுந்தது, சுற்றுச்சூழல் எதிர்ப்பும் வலுத்தது. 1975-இல் ஆற்றுப்படுகை ஆணையத்தில் நான்கு மாநிலங்களில் மூன்று அணை வேண்டாம் என்று வாக்களித்தன. எழுபதாயிரம் ஏக்கர் அளவிலான நிலம் பூங்காத் துறையின் கையில் தங்கிவிட்டது. ஏரிக்கரைப் பூங்காவாகத் திட்டமிடப்பட்ட இடம், ஏரி இல்லாமலேயே இன்று டெலவேர் வாட்டர் கேப் என்ற பெயரில் இருக்கிறது.

இந்தக் கதையைத் தகவல் பலகையில் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா மேட்டூர்ப் பக்கத்தவர். 1934-இல் முடிந்த மேட்டூர் அணைக்காக ஊரைவிட்டு மேட்டுக்கு வந்த குடும்பம் அவருடையது. நீர்மட்டம் இறங்கும் கோடைகளில் பண்ணவாடியில் நந்தி சிலை தலைதூக்குவதைப் பார்த்து வளர்ந்தவர். தேவாலயத்தின் படியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க தாத்தாவுக்கு ஊரு போச்சு, ஆனா தண்ணியாவது வந்துச்சு. இவங்களுக்கு அதுவும் வரலியே கண்ணு" என்றார். அணைத் திட்டத்தைப் பற்றி நான் அதற்குப் பிறகு படித்த எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் எனக்கு எதையும் விளக்கிவிடவில்லை. அன்று மாலை வீடு திரும்பியதும் அம்மா இன்னொன்றும் செய்தார். என் மகளின் காலுறை ஓரத்தில் எள்ளளவு கருப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டு, "உண்ணி!" என்று சொல்லி, மாட்டின் காதிலிருந்து எடுத்துப் பழகிய விரலால் தோலைத் தொட விடாமல் எடுத்துவிட்டார். இங்கே மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும். பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாவற்றையும் பார்ப்பதும், ஒட்டியிருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பதும் இந்தப் பக்கக் காடுகளுக்குப் போகிறவர்களின் கட்டாய வேலை.

அந்த நாளுக்குப் பிறகுதான் நான் வேறு வகையாகத் தேட ஆரம்பித்தேன். அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறையிடம் 430-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. அவற்றில் 'தேசியப் பூங்கா' என்ற பட்டத்தைத் தாங்குபவை 63 மட்டுமே. அந்த 63-க்குள்ளும் கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்கு ஆண்டுக்கு 1.2 கோடிக்கும் மேல் வருகை பதிவாகும்போது, நெவாடாவில் இருக்கும் கிரேட் பேசினுக்கு ஒன்றரை லட்சத்தை எட்டுவதே பெரிது. பட்டம் இல்லாத தேசிய நினைவிடங்கள், தேசிய வனங்கள், வனவிலங்குப் புகலிடங்கள், மாநிலப் பூங்காக்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. புகழ்பெற்ற இடங்கள் சும்மா புகழ்பெறவில்லை. யோசெமிட்டியைக் குறைசொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் அறியப்படாத இடங்களின் வரலாற்றைத் தோண்டத் தோண்ட ஒரே மாதிரியான ஒரு செய்தி வந்துகொண்டே இருந்தது. அவை பெரும்பாலும் அழகுக்காக முதலில் காப்பாற்றப்பட்டவை அல்ல. ஏற்கெனவே வெட்டித் தீர்த்துக் கைவிட்டதோ, வெட்ட முயன்று முடியாமல் விட்டதோ, எதற்கும் உதவாது என்று யாரும் கேட்காமல் கிடந்ததோ, ஏதோ ஒரு வகையில் மிச்சம் விழுந்த நிலங்கள் அவை.

பென்சில்வேனியாவின் வடபகுதி இதற்கு நல்ல உதாரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே முதலில் வெண் பைன் மரங்கள் கப்பல் பாய்மரங்களுக்காகப் போயின. பிறகு ஹெம்லாக் மரங்கள், அதுவும் பட்டைக்காக. தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பட்டை வேண்டும், ஆகவே பட்டையை உரித்துக்கொண்டு மரத்தைக் காட்டிலேயே அழுக விட்ட காலமும் உண்டு. ரயில் வந்ததும் மிச்சமும் போயிற்று. எஞ்சிய சருகும் கிளையும் திரும்பத் திரும்பத் தீப்பிடிக்க, மலைமலையாகக் கரிந்து கிடந்த அந்த நிலத்தை 'பென்சில்வேனியா பாலைவனம்' என்றே அழைத்தார்கள். மரக் கம்பெனிகள் கைவிட்ட நிலங்களை மாநில அரசு சொற்ப விலைக்கு வாங்கிப் போட்டது. 1933-இல் பெருமந்தத்தின்போது வேலையற்றவர்களுக்காக அரசு தொடங்கிய குடிமக்கள் இயற்கைப் பாதுகாப்புப் படையின் இளைஞர்கள், மாதம் 30 டாலர் சம்பளத்தில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இந்த மலைகளில் கன்று நட்டார்கள், சாலை போட்டார்கள், குடில்கள் கட்டினார்கள். பிற்பாடு 1955 முதல் அந்த மாநிலத்தின் வனத்துறைக்குப் பொறுப்பேற்ற மாரிஸ் காடர்ட் என்பவர், ஒவ்வொரு குடிமகனுக்கும் 25 மைல் தொலைவுக்குள் ஒரு மாநிலப் பூங்கா இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். இன்று அங்கே 120-க்கும் மேற்பட்ட மாநிலப் பூங்காக்கள் உள்ளன. எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. எங்கள் வீட்டில் நடக்கும் ஒவ்வொரு பட்ஜெட் விவாதத்திலும் இது மிக முக்கியமான தகவலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அந்தப் பூங்காக்களில் ஒன்று பாட்டர் மாவட்டத்தில் இருக்கும் செர்ரி ஸ்பிரிங்ஸ். பரப்பளவு 82 ஏக்கர்தான். நம் ஊர்க் கணக்கில் ஒரு பண்ணையாரின் நிலம். அருவி இல்லை, ஏரி இல்லை, மலைமுகடும் இல்லை. கருஞ்செர்ரி மரங்களுக்கு நடுவே, முன்பு சிறு விமானங்கள் இறங்கிய ஒரு புல்வெளி. ஆனால் சுற்றிலும் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் மாநில வனம் சூழ்ந்திருப்பதாலும், 2,300 அடி உயரத்தில் மேடாக இருப்பதாலும், அருகே நகரமே இல்லாததாலும், மிசிசிப்பிக்குக் கிழக்கே இவ்வளவு இருட்டான வானம் கிடைப்பது அரிது. 2008-இல் இது பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாலைவனம் என்று விட்டுப்போன இடத்தில் ஊர் உருவாகவில்லை; ஊர் உருவாகாததால் விளக்கு வரவில்லை. பார்க்க வேண்டிய பொருள் அங்கே அந்த இருட்டுதான்.

2019 ஆகஸ்ட் முதல் வாரம், அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், நியூ ஜெர்ஸியின் எடிசனிலிருந்து ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி அங்கே போனோம். விதிகளை இணையத்தில் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்: வெள்ளை விளக்கு கூடாது, சிவப்பு விளக்கு மட்டுமே, அதுவும் தரையை நோக்கி. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். எல்லாம் சரியாகச் செய்த பெருமையோடு அம்மாவின் சால்வையை எடுக்க வண்டியின் டிக்கியைத் திறந்தேன். டிக்கி விளக்கு பளீரென்று எரிந்தது. இருட்டுக்குள்ளிருந்து, முகம் தெரியாத இருபது முப்பது பேரின் பெருமூச்சு ஒன்றாக எழுந்தது. கண் இருளுக்கு முழுமையாகப் பழக அரை மணி நேரம் ஆகும்; அத்தனை பேரின் அரை மணி நேரத்தையும் நான் ஒரே நொடியில் கலைத்துவிட்டேன். அவசரமாக மூடியதில் விரல் நசுங்கியது தனிக்கதை. இப்போதெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே டிக்கி விளக்கின் மேல் கருப்பு டேப் ஒட்டிவிடுகிறேன்.

பார்வையாளர் பகுதியில் ஒரு பெஞ்சில் அப்பாவை உட்கார வைத்தேன். பத்து மணிக்கு மேல் பால்வீதி தெற்கிலிருந்து தலைக்கு மேல் வரை புகையாகப் படர்ந்து நின்றது. அப்பா வெகுநேரம் பேசவில்லை. முறைத் தண்ணீர்க் காலத்தில் நள்ளிரவில் வாய்க்கால் மடையைத் திறக்கவும் அடைக்கவும் நட்சத்திரத்தைப் பார்த்து நேரம் கணித்தவர் அவர். எங்களுக்குக் கதையாக மட்டும் தெரிந்த அந்த அறிவு அன்று வேலை செய்யத் தொடங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் சப்தரிஷி மண்டலத்தைப் பிடித்தார். அதன் முனையிரு மீன்களிலிருந்து கோடு போட்டுத் துருவனைத் தேடிக் கையைத் தாழ்வாக நீட்டியவர், அங்கே இல்லாமல் கையை மேலே மேலே தூக்கிக்கொண்டு போய் வானத்தின் பாதி உயரத்தில் நிறுத்தினார். "இவ்ளோ ஒசரத்துலயா இருக்கான்?" கும்பகோணத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில், தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருக்கும். நாங்கள் நின்ற இடம் வட அட்சரேகை 41-க்கும் மேல். அவன் 41 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கிறான். பூமி உருண்டை என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அப்பாவின் கை அப்படி மேலே போனபோதுதான் அதைப் பார்த்தேன்.

தெற்கே திரும்பினால் அதற்கு நேர்மாறு. ஊரில் ஆடி மாத முன்னிரவில் நல்ல உயரத்தில் முழு உடலோடு நிற்கும் விருச்சிகம் இங்கே மரங்களின் தலையில் உரசிக்கொண்டு கிடந்தது. கேட்டை சிவப்பாகத் தெரிந்தது. கொடுக்கு காட்டுக்குள் மறைந்துபோயிருந்தது. கேட்டைக்குச் சற்று மேலே, வேறெந்த மீனையும்விடப் பிரகாசமாக ஒன்று நிற்பதைக் காட்டி, "குரு விருச்சிகத்துல இருக்கார்னு பஞ்சாங்கத்துல போட்டிருந்தான்ல, அவர்தான்" என்றார். பக்கத்தில் பெரிய தொலைநோக்கி வைத்திருந்த ஒருவர் அதே வியாழனைத் தன் கருவியில் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா வரிசையில் நின்று பார்த்துவிட்டு, நான்கு நிலாக்களையும் எண்ணிவிட்டு வந்தார். பஞ்சாங்கத்தில் வெறும் கட்டமாக இருந்த ஒன்றுக்கு இப்படி ஒரு குடும்பம் இருப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. நள்ளிரவு கடந்து கிழக்கு மரங்களுக்கு மேல் கார்த்திகை ஏறும்வரை போக மாட்டேன் என்று இருவரும் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கண்ணில் புரை அறுவை முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆறு மீன் என்று சொல்லி வளர்ந்த இடத்தில் எட்டு எண்ணினார். அப்பா நம்பவில்லை.

ஊர் திரும்பிய பிறகும் அப்பா தொலைபேசியில் நயாகராவைப் பற்றிப் பேசியதில்லை. "அந்த இருட்டுப் பூங்கா" என்றுதான் கேட்பார்.

காங்கரீயைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே போகலாம் என்று நான் சொன்ன ஒவ்வொருவரும் முகம் சுளித்திருக்கிறார்கள். தென் கரோலினாவின் தலைநகரமான கொலம்பியாவிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் இந்தத் தேசியப் பூங்காவின் பயணியர் மையச் சுவரில் ஒரு கொசுமானி தொங்குகிறது. ஒன்றிலிருந்து ஆறுவரை எண்கள். ஒன்று என்றால் கொசு இல்லை, ஆறு என்றால் 'போர்க்களம்'. மே மாத இறுதியை ஒட்டிய இரண்டு வாரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிரும் காட்சிக்குத்தான் இந்தப் பூங்கா ஓரளவு பேசப்படுகிறது. அதற்கு இப்போது குலுக்கல் முறையில் அனுமதி. எங்களுக்கு விழவில்லை. ஆகவே 2022 மார்ச்சில், மின்மினியும் இல்லாத, கொசுவும் இல்லாத பருவத்தில், வேறு வழியின்றிப் போனோம். போன அன்று ஆறு காட்டுக்குள் வந்திருந்தது.

பெயரில் முன்பு 'சதுப்பு' இருந்தாலும் காங்கரீ சதுப்பு நிலம் அன்று. ஆற்றின் வெள்ளச் சமவெளி. ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து முறை காங்கரீ, வாட்டரீ ஆறுகள் கரை ஏறி மரங்களுக்கிடையே பரவி, வண்டலை இறக்கிவிட்டு வடிந்துபோகின்றன. அந்த வண்டல்தான் இங்கே மரங்களை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கியிருக்கிறது; 160 அடிக்கும் மேல் வளர்ந்த லாப்லாலி பைன் மரங்கள் வெள்ளக்காட்டில் நிற்பதை வேறெங்கும் எளிதில் காண முடியாது. தாழ்வான பலகை நடைபாதை முழுவதும் நீருக்குள் போயிருந்தது. உயரமான பாதையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தால், தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓசையே இல்லாமல் மரங்களுக்கிடையே நகர்வது தெரிந்தது. சைப்ரஸ் மரங்களைச் சுற்றி முழங்கால்கள் என்று அழைக்கப்படும் வேர்முண்டுகள், தலைப்பாகை கட்டிய சிறு மனிதர்களைப்போலக் கூட்டமாக நின்றன. அவை எதற்காக முளைக்கின்றன என்பதில் தாவரவியலாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒவ்வொரு அடிமரத்திலும் முந்தைய வெள்ளங்களின் சேற்றுக்கோடு. பகலிலேயே ஓர் ஆந்தை எட்டெட்டு அசையாகக் கூப்பிட, எங்கோ தொலைவில் இன்னொன்று பதில் சொன்னது.

இந்தக் காடு தப்பியதும் அந்த வெள்ளத்தால்தான். 1890-களில் சிகாகோவைச் சேர்ந்த ஒரு மரக் கம்பெனி சைப்ரஸுக்காக இதை வாங்கியது. மரங்களோ பச்சையாக இருக்கும்போது மிதக்காத அளவு கனம். பட்டையை வளையமாகச் செதுக்கி நின்ற நிலையிலேயே காய விட்டுப் பார்த்தார்கள். அப்படியும் பல கட்டைகள் ஆற்றின் அடிக்குப் போயின. சேற்றில் வண்டியும் ஓடாது, ரயிலும் போட முடியாது. 1914 வாக்கில் வெட்டு நின்றது. அதற்கு வெகுகாலம் முன்பு, தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழவும் இதே சேறுதான் இடம் கொடுத்திருக்கிறது. கொலம்பியாவின் பத்திரிகையாளர் ஹாரி ஹாம்ப்டன் 1950-களிலிருந்து இதைக் காக்க வேண்டும் என்று ஏறக்குறையத் தனியாளாக எழுதிக்கொண்டிருந்தார். 1969-இல் மர விலை ஏறி, மறுபடியும் வெட்டும் பேச்சு வந்தபோதுதான் மற்றவர்களும் விழித்துக்கொண்டார்கள். 1976-இல் தேசிய நினைவிடம், 2003-இல் தேசியப் பூங்கா. தென்கிழக்கு அமெரிக்காவின் ஆற்றுச் சமவெளிகளில் கோடிக்கணக்கான ஏக்கரில் இருந்த, கோடரி படாத முதுகாட்டில், சிதையாமல் எஞ்சியவற்றுள் இதுவே பெரியது. மொத்தம் 26,000 ஏக்கர் சொச்சம். அதிலும் முதுகாடு பாதிக்கும் குறைவு.

இடையில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட இடங்களின் அருகே கடை இருக்காது, இருந்தாலும் ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று கட்டிக்கொண்டு போவதே சிறந்தது. ஆனால் கரடி நடமாடும் காடுகளில் மிச்சத்தைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. பெருங்காய வாசனைக்குக் கரடி வருமா என்று என் மகள் ஒரு ரேஞ்சரிடம் கேட்டாள். எல்லா வாசனைக்கும் வரும் என்றார் அவர்.

2023 ஜூலையில் கிரேட் பேசினுக்குப் போனோம். சால்ட் லேக் சிட்டியில் விமானம் இறங்கி, வாடகை வண்டியில் நான்கு மணி நேரம். டெல்டா என்ற சிற்றூரைக் கடந்தால் எண்பது மைலுக்கு மேல் பெட்ரோல் பங்க் இல்லை. வழியில் சீவியர் ஏரி என்று வரைபடத்தில் நீலமாகப் போட்டிருந்த இடத்தில் உப்புப் பூத்த வெள்ளைத் தரைதான் இருந்தது. இங்கே விழும் மழை எந்தக் கடலையும் சேர்வதில்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பள்ளத்தாக்கில் ஓடி, உறிஞ்சப்பட்டு, ஆவியாகி, முடிந்துவிடுகின்றன. அந்தச் சொற்பத் தண்ணீரையும் நிலத்தடியிலிருந்து எடுத்து லாஸ் வேகஸுக்குக் குழாயில் கொண்டுபோக ஒரு திட்டம் முப்பது ஆண்டுகளாக இருந்து, 2020-இல்தான் கைவிடப்பட்டது. பூங்காவுக்குப் போகும் 50-ஆம் எண் நெடுஞ்சாலையின் நெவாடாப் பகுதிக்கு 1986-இல் லைஃப் இதழ் 'அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை' என்று பெயர் வைத்தது. திட்டுவதற்காக வைத்த பெயரை நெவாடாக்காரர்கள் அப்படியே எடுத்துப் பலகையாக எழுதி வைத்துவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில்தான் தேசியப் பூங்காவும் அறிவிக்கப்பட்டது. அதுவரை அங்கே 1922-இல் நினைவிடமாக்கப்பட்ட லேமன் குகைகள் மட்டுமே காக்கப்பட்டிருந்தன. மேலே இருந்த மலை வனத்துறையிடம் இருந்தது. அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு மரம் சாட்சி.

பிரிஸில்கோன் பைன் என்ற மரம் வீலர் சிகரத்தின் தோளில், 10,000 அடிக்கும் மேலே, மண் என்று சொல்ல முடியாத கல் குவியலில் வளர்கிறது. 1964-இல் டொனால்ட் கரி என்ற ஆராய்ச்சி மாணவர், பழைய பருவநிலையை வளையங்களிலிருந்து கணிக்க அங்கே போனார். துளைக்கருவியால் மாதிரி எடுக்க முடியாமல் போய், அந்த ஒரு மரத்தை வெட்ட வனத்துறையிடம் அனுமதி கேட்டார். துளைக்கருவி உடைந்தது என்பார்கள், மரத்தின் முறுக்கில் அது பயன்படவில்லை என்பார்கள். ஏன் வெட்ட நேர்ந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. அனுமதி கிடைத்தது, மரம் வீழ்ந்தது. எண்ணிப் பார்த்தால் 4,862 வளையங்கள். அந்நாளில் வயது தெரிந்திருந்த எந்தத் தனிமரத்தையும்விட அது மூத்தது என்பது வெட்டிய பிறகுதான் தெரிந்தது. கீழடியில் முதல் செங்கல் வைக்கப்பட்டபோது அந்த மரத்துக்கு இரண்டாயிரம் வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

தோப்புக்குப் போய்வர மூன்று மைலுக்கும் குறைவு, ஆனால் கடல்மட்டத்தில் வாழும் நுரையீரலுக்கு ஒவ்வொரு ஐம்பது அடியும் ஒரு கணக்கு. மரங்களைப் பார்த்ததும் மகள், "செத்துப்போச்சா?" என்றுதான் கேட்டாள். முக்கால் உடல் வெளுத்த எலும்பாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் கையகலப் பட்டை அடியிலிருந்து மேலேறி, நுனியில் ஒரு கொத்துப் பச்சைக்கு உயிர் கொடுக்கிறது. ஓர் ஊசியிலை நாற்பது ஆண்டுகள் வரை உதிராமல் இருக்குமாம். என் வயதை ஒட்டிய ஓர் இலையை விரலால் தொட்டுப் பார்த்தேன். நல்ல மண்ணும் நீரும் உள்ள இடத்தில் இதே இனம் வேகமாக வளர்ந்து, கட்டை தளர்ந்து, சீக்கிரமே அழுகிவிடுகிறது. பனியும் காற்றும் வறட்சியும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு மயிரிழை மட்டுமே வளர விடும் இடத்தில், பூச்சியும் பூஞ்சையும் நுழைய முடியாத அளவுக்குக் கட்டை இறுகிப்போகிறது. வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டை இன்னும் மேலே இருக்கிறது. அதற்குப் பலகையோ அம்புக்குறியோ இல்லை. நாங்கள் தேடவில்லை.

கீழே பேக்கர் என்ற சிற்றூரில் இருக்கும் பயணியர் மையத்துக்கு வந்தபோது மாலை நாலே முக்கால். அங்கே ஒரு பழைய வின்செஸ்டர் துப்பாக்கி இருக்கிறது. 1882-இல் செய்யப்பட்டு, யாரோ ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போக, 2014-இல் பூங்கா ஊழியர் ஒருவர் பார்க்கும்வரை அப்படியே சாய்ந்து நின்றது. அதைப் பார்க்கத்தான் மகளை அழைத்துப் போனேன். அவளோ வெட்டிய மரத்தின் குறுக்குத்துண்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். மூக்கு முட்டும் அளவுக்கு முகத்தை அருகே கொண்டுபோய், விளிம்பிலிருந்து ஆரம்பித்து, உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினாள். சில வளையங்கள் தலைமுடியைவிட மெல்லியவை. இரண்டு முறை தவறவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்து மணிக்கு மூட வேண்டிய ரேஞ்சர் சாவியோடு வந்து, எதுவும் சொல்லாமல் கதவருகே நின்றார். 212 வரை வந்திருந்தாள்.